நெல் அந்தா, அரிசி அந்தா: கிட்டங்கியில் பறந்த ஒரு சிறு அந்துப்பூச்சியை இனங்கண்ட நிகழ்வு ஆய்வு

ஆய்வு மேசைக்கு வந்தவை: ஒரு பிளாஸ்டிக் உறையில் முப்பது சொச்சம் செத்த அந்துப்பூச்சிகள், நூலாம்படை ஒட்டிய நொறுங்கல் தானியம் ஒரு கைப்பிடி, விதை நெல் 2 கிலோ, உதிர்க்காத மக்காச்சோளக் கதிர்கள் ஆறு. பூச்சிகள் இருந்த உறையின் மேல் "அரிசி அந்து" என்று எழுதியிருந்தது. இந்த இரண்டு சொல்தான் அதுவரை நடந்த எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

பின்னணி சிறியது. அறுவடை முடிந்து இரண்டரை மாதம். கிட்டங்கியின் ஒரு பக்கம் நெல் மூட்டைகள், மறுபக்கம் மக்காச்சோளக் கதிர்கள் குவியலாக. பொழுது சாய்ந்ததும் வைக்கோல் நிறத்தில் சிறு பூச்சிகள் மூட்டைகளின் மேல் ஓடுவதும் எழும்பிப் பறப்பதுமாக இருந்தன. தரையோரம் சிந்திக் கிடந்த உடைந்த தானியத்தில் நூலாம்படை கட்டியிருந்தது. நூலாம்படையைப் பார்த்தவர்கள் அரிசி அந்து என்று முடிவு செய்தார்கள். தரையைக் கூட்டினார்கள், நொறுங்கலை அள்ளிக் கொட்டினார்கள், மேல்வரிசை மூட்டைகளைச் சலித்தார்கள், சேமிப்புக் கிடங்குப் பூச்சிக்கென்று விற்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுப்பவை) இரண்டைத் தொங்கவிட்டார்கள். பொறியில் ஒன்றும் விழவில்லை. ஆனால் பறக்கும் பூச்சி வாரத்துக்கு வாரம் கூடியது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழில் 'அந்து' என்பது தானியத்தைத் தின்னும் பூச்சிக்கு உள்ள பழைய பெயர். பிறகுதான் 'அந்துப்பூச்சி' என்பது இரவில் பறக்கும் எல்லா வகைக்கும் பொதுப்பெயராக விரிந்தது. வேளாண் நூல்களில் நெல் அந்து என்றால் சிட்டோட்ரோகா சீரியலெல்லா. அரிசி அந்து என்றால் கார்சைரா செஃபலோனிகா. பெயரில் நெல்லுக்கும் அரிசிக்கும் உமி அளவுதான் தூரம். பூச்சிகளோ வேறு வேறு குடும்பம்: முன்னது ஜெலிகிடே, பின்னது பைராலிடே. ஒன்றின் புழு மணிக்குள்ளே குடியிருக்கிறது; மற்றதன் புழு மணிகளுக்கு வெளியே நூல் கட்டி வாழ்கிறது. சலித்தால் போகுமா போகாதா என்ற கேள்விக்கு இந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

நெல் அந்துக்கு உலகளவில் வழங்கும் பெயர் பிரான்சின் ஆங்கூமுவா மாகாணத்தை ஒட்டியது. 1760 வாக்கில் அங்கே கோதுமையை இது அழித்தபோது துஹாமெல் து மோன்சோ, தில்லே என்ற இருவர் அனுப்பப்பட்டு, 1762இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். முறையான அறிவியல் பெயரைப் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஒலிவியே 1789இல் சூட்டினார்.

நிறத்தை நம்பாதீர்கள்

உறையில் வந்த பூச்சிகள் ஒன்றோடொன்று உரசிச் செதில் உதிர்ந்திருந்தன. செதில் போன அந்துப்பூச்சி எதுவானாலும் சாம்பல் கலந்த பழுப்பாகத்தான் தெரியும். படம் பார்த்து இனங்காண முயல்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. முன்சிறகின் நிறத்தையும் புள்ளியையும் படத்தோடு பொருத்துவார்கள். அவை இரண்டும்தான் முதலில் அழியும்.

அளவு கொஞ்சம் உதவும். சிறகை விரித்து முனைக்கு முனை அளந்தபோது பெரும்பாலானவை 11 முதல் 15 மி.மீ. வரை இருந்தன. சில மட்டும் 20 மி.மீ.யைத் தொட்டன. நெல் அந்து பொதுவாக 10 முதல் 18 மி.மீ.; அரிசி அந்து ஏறக்குறைய 15 முதல் 25 மி.மீ. நடுவே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நன்றாக வளர்ந்த நெல் அந்துப் பெண்ணும் உணவு போதாமல் வளர்ந்த அரிசி அந்து ஆணும் அளவுகோலில் ஒன்றாகவே நிற்கும். எனவே அளவு சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்புச் சொல்லாது. இங்கே அது கிளப்பிய சந்தேகம், உறையில் இருப்பது ஒரே இனம்தானா என்பது.

பின்சிறகின் முனை

தீர்ப்பைச் சொன்னது பின்சிறகு. அது முன்சிறகுக்கு அடியில் மடங்கியிருப்பதால் தேய்மானம் குறைவு. அதன் வடிவம் செதில் உதிர்ந்தாலும் மாறாது.

பார்க்கும் முறை இது. காய்ந்த பூச்சியை அப்படியே பிரித்தால் சிறகு பொடியாகும். மூடியுள்ள ஒரு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்து, அதன் மேல் காகிதத் துண்டில் பூச்சியைக் கிடத்தி, ஓர் இரவு விட வேண்டும். தண்ணீர் பூச்சியின் மேல் படக்கூடாது. காலையில் மூட்டுகள் இளகியிருக்கும். கூர்முனை இடுக்கியால் மார்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பின்சிறகை அடிமூட்டில் பற்றிக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். நடுவில் பிடித்தால் முனை கிழியும். பார்க்க வேண்டியதே முனைதான். கழன்ற சிறகைக் கண்ணாடித் தகட்டில் 70% ஆல்கஹால் ஒரு சொட்டில் மிதக்கவிட்டு 10 மடங்கு கைலென்ஸில் பார்க்கலாம். நரம்புகளும் தெரிய வேண்டுமானால் நீர்த்த வெளுப்பான் கரைசலில் செதில் வெளிறும்வரை வைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மறந்து விட்டுவிட்டால் சிறகே கரைந்துபோகும்.

சிறிய பூச்சிகளின் பின்சிறகு ஒடுக்கமான சாய்சதுரம் போலச் சென்று, முனைக்குச் சற்று முன்னால் வெளிவிளிம்பு உள்வாங்கி, நுனி மட்டும் ஒரு விரலை நீட்டியதுபோலத் தனியே கூர்ந்திருந்தது. கீழ்விளிம்பு நெடுக மென்மயிர்க் குஞ்சம். அதன் நீளம் சிறகின் அகலத்தோடு போட்டியிடுகிறது. நீட்டிய விரல் போன்ற இந்த நுனி ஜெலிகிடே குடும்பத்தின் முத்திரை. 20 மி.மீ. தொட்டவற்றில் பின்சிறகு அகலமாக, விசிறிபோல, நுனி உருண்டு, குஞ்சம் குட்டையாக இருந்தது. இந்த ஓர் உறுப்பை வைத்தே உறைக்குள் இரண்டு குடும்பங்கள் கலந்திருப்பது தெரிந்துவிட்டது.

குஞ்ச மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அகலமான சிறகும் கூர்முனைபோல ஏமாற்றும். ஆல்கஹாலில் மிதக்கவிடச் சொல்வது அதற்காகத்தான், மயிர் விரிந்துகொள்ளும். ஒரு பூச்சியோடு நிறுத்தாமல் குறைந்தது பத்துப் பூச்சிகளின் சிறகையாவது பார்க்க வேண்டும்.

முகம்

அடுத்து உதட்டுணரிகள், அதாவது வாயருகே இருபுறமும் நீளும் உணர் உறுப்புகள். பக்கவாட்டில் கிடத்திப் பார்த்தால் நெல் அந்துக்கு இவை இரண்டும் மெலிந்து நீண்டு, அரிவாள்போல மேல்நோக்கி வளைந்து, உச்சந்தலையையும் தாண்டி நிற்கும். கடைசிக் கணு ஊசிபோல முடியும். செதில் எல்லாம் உதிர்ந்தாலும் இந்தக் கொம்புகள் ஒடியாமல் இருந்தால் போதும். அரிசி அந்தின் முகம் வேறு மாதிரி. நெற்றியில் செதில்கள் முன்னோக்கிக் குவிந்து சிறு கொண்டைபோலத் துருத்தும். உணரிகள் பெண்ணுக்கு நீண்டும் ஆணுக்குக் குட்டையாகவும் இருக்கும், அரிவாள் வளைவு இராது.

தானியக் கிடங்கில் வரக்கூடிய மற்ற அந்து இனங்களைக் கழிக்க அதிக நேரம் ஆகவில்லை. ப்ளோடியா இன்டர்பங்டெல்லாவின் முன்சிறகில் அடிப்பகுதி வெளிறியும் மிச்சம் செம்புநிறமாகவும் இரண்டு துண்டாகத் தெரியும். உணரிகள் அலகுபோல நேர்முன்னே நீளும். எஃபெஸ்டியா வகைகள் சாம்பல் நிறம், அகன்ற பின்சிறகு. நெமபோகான் கிரானெல்லா சிறியதுதான், தானியத்திலும் வரும்; ஆனால் அதன் தலை சீவாத பரட்டைத் தலை, முன்சிறகு வெள்ளையில் பழுப்புத் திட்டுகள். நெல் அந்தின் தலை வழுவழுப்பானது. மக்காச்சோளக் கதிரில் அனட்ராகின்டிஸ் வகைப் பூச்சிகளும் வருவதுண்டு. அவற்றின் பின்சிறகு ஒரு நாடாத் துண்டு போல மிகக் குறுகலாக இருக்கும், புழு இளஞ்சிவப்பு.

ஜெலிகிடேக்குள் இன்ன இனம்தான் என்று சட்டப்படியான சான்று தேவைப்பட்டால் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் முடியாது. வயிற்றை மட்டும் கழற்றி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வெந்நீர்த் தொட்டிக்குள் 10 முதல் 15 நிமிடம் சூடாக்கி, அல்லது சாதாரண வெப்பத்தில் ஓர் இரவு ஊறவைத்து, தசையைக் கழுவி எடுத்துவிட்டு நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை. கேட்ட கேள்விக்கு விடை மணிக்குள்ளேயே இருந்தது.

மணியை வெட்டியபோது

மக்காச்சோளக் கதிர்களில் பல மணிகளின் மேல் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. வட்டமாக, மற்ற தோலைவிடக் கொஞ்சம் மங்கலான ஒரு பொட்டு தெரிந்தது. ஊசிமுனையால் தொட்டால் உள்ளே அமுங்குகிறது. இதுதான் 'சன்னல்'. புழு முழு வளர்ச்சி அடைந்ததும் மணிக்குள்ளிருந்து வெளித்தோல்வரை குடைந்து வந்து, கடைசிப் படலத்தை மட்டும் விட்டுவைத்துவிட்டு, உள்ளேயே கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிறது. வெளிவரும் அந்துக்குக் கடிக்கும் தாடை கிடையாது. அதனால் கதவைப் புழுப் பருவத்திலேயே செய்து வைத்துவிட வேண்டியிருக்கிறது. அந்து தலையால் முட்டித் திறந்த பிறகு, அந்த வட்டத் தோல் பல மணிகளில் ஒரு கீலில் தொங்கும் கதவுபோல ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தத் துளையை மற்றத் துளைகளோடு குழப்பக்கூடாது. கூன்வண்டு வெளிவந்த துளையின் விளிம்பு கடித்துப் பிய்த்ததுபோல ஒழுங்கற்று இருக்கும். தானியத் துளைப்பான் வண்டின் துளையும் ஒழுங்கற்றதே, சுற்றிலும் மாவுப்பொடி கொட்டிக் கிடக்கும். அச்சில் வெட்டிய வட்டமும் மூடியும் அந்துக்கு மட்டுமே.

நெல்லில் சன்னலைக் கண்ணால் தேடுவது வீண், உமி மறைக்கும். 100 மணிகளைக் குத்துமதிப்பாக எடுத்து, ஒவ்வொன்றாக உமி நீக்கி, நீளவாக்கில் பிளேடால் பிளந்து பார்த்தோம். ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் வெட்ட எளிது, ஆனால் இளம்புழு கரைந்து மாவோடு மாவாகிவிடும். உலர்ந்தே வெட்டுவது நல்லது. உள்ளே கிடைத்த வெண்மஞ்சள் புழு முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 5 மி.மீ., பழுப்புத் தலை.

இந்தப் புழுவைக் கூன்வண்டின் புழு என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டும் மணிக்குள், இரண்டும் வெள்ளை, இரண்டும் குண்டு. கூன்வண்டின் புழுவுக்குக் கால் அறவே கிடையாது. அந்தின் புழுவுக்கு மார்பில் மூன்று இணை உண்மைக்கால்கள் உண்டு. வயிற்றுக் கால்கள் மட்டும் வெறும் மொட்டுகளாகச் சுருங்கி, நுனியில் இரண்டு மூன்று கொக்கிகளோடு நின்றுவிடும். ஒரே மணிக்குள் வாழ்நாளைக் கழிக்கும் புழுவுக்கு நடக்கும் கால் எதற்கு? அரிசி அந்தின் புழுவோ கிட்டங்கி முழுக்க அலைவது. அதற்கு வயிற்றுக்கால்கள் முழுதாக இருக்கும், மூச்சுத் துளைகளின் பின்விளிம்பு தடித்திருக்கும். நூலாம்படை நொறுங்கலில் கிடைத்த புழுக்கள் இந்த வகை.

ஆக, கிட்டங்கியில் இரண்டு இனமும் இருந்தன. தரையில் சிந்திய நொறுங்கலில் அரிசி அந்து, மூட்டையிலும் கதிரிலும் நெல் அந்து. கண்ணுக்கு முதலில் பட்ட நூலாம்படை சிறுபான்மைக்காரனுடையது. கூட்டி அள்ளியதில் அரிசி அந்து குறைந்தது உண்மை. நெல் அந்துக்கு அதனால் ஒரு மணி நட்டமும் இல்லை.

வெறும் பொறி சொன்னது

பொறி காலியாக இருந்ததைப் "பூச்சி அவ்வளவாக இல்லை" என்று படித்திருந்தார்கள். பொறியில் வைத்திருந்த வாசனை வில்லை ப்ளோடியாவுக்கும் எஃபெஸ்டியாவுக்கும் உரியது. அதில் இருப்பது 14 கரிம அணுத் தொடர் உள்ள ஓர் அசிட்டேட். நெல் அந்தின் பெண் வெளியிடுவது 16 கரிம அணுத் தொடர் உள்ள வேறோர் அசிட்டேட். அரிசி அந்துக்கும் இந்த வில்லை உரியதல்ல. இருந்த இரண்டு இனத்துக்கும் சம்பந்தமில்லாத வாசனையைத் தொங்கவிட்டு, இரண்டும் வரவில்லை என்று நிம்மதி அடைந்ததுதான் நடந்தது. இனம் தெரியாமல் வில்லை வாங்கக்கூடாது.

எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் இனக்கவர்ச்சிக் கலவையில், நெல் அந்தினுடைய அதே சேர்மமும் ஒரு கூறு. பருத்தி வயலை ஒட்டிய கிட்டங்கியானால் காய்ப்புழுப் பொறியில் நெல் அந்து ஆண்களும் விழலாம், நெல் அந்துப் பொறியில் மறுபக்கத்தாரும் விழலாம். இரண்டுமே ஜெலிகிடே, இரண்டுக்கும் பின்சிறகில் அதே விரல் நுனி! அங்கே பின்சிறகை மட்டும் பார்த்து எழுதுகிறவர் ஏமாறுவார். காய்ப்புழு அந்தின் முன்சிறகு கரும்பழுப்பு, திட்டுத் திட்டான கறைகளோடு இருக்கும். இந்த நிகழ்வில் அருகே பருத்தி இல்லை.

வயலிலிருந்தா, கிட்டங்கியிலிருந்தா

நெல் அந்து கிட்டங்கிப் பூச்சி மட்டுமல்ல. மணி பால் கட்டி இறுகும் தறுவாயில் வயலுக்குப் பறந்து போய்க் கதிரிலேயே முட்டையிடும். முட்டை அரை மி.மீ. சொச்சம், இட்டபோது வெள்ளை, பிறகு சிவப்பேறும். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் வாய்த்தால் முட்டையிலிருந்து அந்து வரை சுமார் 5 வாரம். 16 பாகைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். கதிரோடு வந்த புழு கிட்டங்கிக்குள் வந்து அந்தாகும்போது, ஏதோ சாக்கிலிருந்து வந்ததுபோலத் தோன்றும்.

சோதிக்க வழி எளிது, ஆனால் அறுவடை நாளிலேயே செய்ய வேண்டும். வயலில் வெட்டிய கதிரை வயலிலேயே கண்ணாடிப் புட்டியில் போட்டு, நெருக்கமான துணியால் வாய் கட்டி, 28 முதல் 30 பாகையில் 6 வாரம் வைத்தால், அந்து வந்தால் வயல், வராவிட்டால் கிட்டங்கி. கிட்டங்கிக்குள் ஓர் இரவு இருந்த கதிர் இந்தச் சோதனைக்கு உதவாது. இங்கே அப்படி எடுத்து வைக்கவில்லை. எனவே மறைமுகச் சான்றுதான்: இரண்டரை மாதத்துக்குள் இரண்டு தலைமுறை அடங்கும். கதிர்க் குவியலின் அடியிலும் நடுவிலும்கூடச் சன்னல் மணிகள் இருந்தன. நெல் மூட்டைகளிலோ பாதிப்பு வெளிப்புற ஓரத்தில் மட்டும். அந்து வலுவற்றது, நெருக்கமாக நிறைந்த தானியத்துக்குள் ஆழமாக நுழைய அதனால் ஆகாது. கதிர்க் குவியலில் இடைவெளி இருப்பதால் அங்கே அந்து நுழையக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்தாலும், கதிரில் வயலிலிருந்தே வந்து, அடுத்த தலைமுறை மூட்டைக்குத் தாவியது என்று படிப்பதே பொருத்தம்.

இன்னொரு துப்பு யாரும் கேட்காமலே வந்தது. கதிரைப் புரட்டியவர்களின் முன்கையிலும் கழுத்திலும் அரிப்போடு சிவந்த தடிப்புகள் கிளம்பியிருந்தன. தூசி ஒவ்வாமை என்று விட்டுவிட்டார்கள். நெல் அந்தின் புழுவை ஒட்டுண்ணியாகத் தின்னும் பையெமோட்டிஸ் என்ற சிலந்திப்பேன் மனிதத் தோலையும் கடிக்கும். வெட்டிய மணிகளில் சுருங்கிய புழுக்களின் மேல் மணல்போல ஒட்டியிருந்த மஞ்சள் உருண்டைகள், வயிறு ஊதிய பெண் பேன்கள். தானியம் கையாளுகிறவருக்கு இப்படித் தடிப்பு வந்தால் மணியைப் பிளந்து பார்ப்பது நல்லது.

செய்முறையில் என்ன மாறியது

மக்காச்சோளத்தை உடனே உதிர்க்கச் சொன்னோம். கதிராகக் கிடக்கும்வரை ஒவ்வொரு மணியும் அந்துக்கு எட்டும். உதிர்த்துக் குவித்தால் மேற்பரப்பு மட்டுமே எட்டும். உதிர்த்த மணியைக் காற்றுப்புகாப் பைகளில் வாய்வரை நிரப்பிக் கட்ட வேண்டும். பாதிப் பை வைத்தால் உள்ளே காற்று மிச்சமாகி, புழு மூச்சுத் திணற நாள் ஆகும். ஈரமுள்ள மணியைக் காற்றுப்புகாமல் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே கட்ட வேண்டும்.

மேற்பரப்பில் தூவும் பூச்சிக்கொல்லித் தூள், வெளிவரும் அந்தையும் நுழையப்போகும் இளம்புழுவையும் கொல்லும். மணிக்குள் இருப்பதைத் தொடாது. தூவிய பிறகும் 4, 5 வாரம் அந்து வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து மருந்து போலி என்று திட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே இருந்த சரக்கு வெளியே வந்து முடிய அவ்வளவு நாள் ஆகும். பாஸ்பீன் புகை மணிக்குள்ளும் போகும். ஆனால் அதை உரிமமும் பயிற்சியும் உள்ளவர்தான், முழுதாக மூடிய இடத்தில், போட வேண்டும். முட்டையும் கூட்டுப்புழுவும் மற்றப் பருவங்களைவிடத் தாக்குப்பிடிப்பதால் மூன்றே நாளில் திறந்துவிடாமல் ஒரு வாரம் மூடிவைக்க வேண்டும். விதைக்கென வைத்த சிறு அளவை உறையில் கட்டிக் கழித்தல் 18 பாகை உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் போதும். விதை காய்ந்திருக்க வேண்டும், வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

நெல்லில் பிரித்து வைக்கும் வேலை ஒன்று மிச்சம் இருந்தது. பிளந்த 100 மணிகளில் புழு இருந்தவற்றை மட்டும் தனியே எடுத்து, நீக்கிய உமியைத் திரும்பப் பார்த்தோம். அனேகமாக எல்லாவற்றிலும் உமியின் இரு மடல்களும் சேரும் தையலில் மயிரிழை அளவு பிளவு இருந்தது. முட்டையிலிருந்து வரும் புழு ஏறக்குறைய 1 மி.மீ. நீளம், மயிர் பருமன். வாய் மூடிய உமியைத் துளைக்க அதனால் முடிவதில்லை, வாய் பிளந்த உமிதான் அதற்கு வாசல். அடுத்த விதைக்கு இந்த மூட்டையிலிருந்து எடுப்பதானால், தூற்றிய பிறகு ஒரு கைப்பிடியைக் கறுப்புத் துணியில் பரப்பி, வாய் பிளந்த நெல் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணிவிட்டு எடுக்க வேண்டும்.